நாற்பத்தேழாவது வரி

அறுபத்துநான்கு வரிகளில் அறுபத்துமூன்று ஒழுங்காகத்தான் இருந்தன. நாற்பத்தேழாவது வரியில் மட்டும் எண்ணைத் தடித்த எழுத்தில் அடித்து, பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டிருந்தார்கள்.

செல்வதாஸ் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். நட்சத்திரம் போகவில்லை.

அவர் தக்கலையில் ஓர் அரசு அலுவலகத்தில் பென்ஷன் பிரிவு எழுத்தர். எதிரே கம்பு ஊன்றி நிற்கும் பெரியவரிடம், "நீங்க உசிரோட இருக்கியன்னு ஒரு சர்ட்டிபிக்கேட் வேணுமே" என்று முப்பது வருஷமாகக் கேட்டு வாங்கியவர். "நான்தான் முன்னால நிக்கேனே சாரே" என்று பெரியவர் சொன்னால், "நிக்கது சரி, காகிதம் எங்க?" என்பார். ஆள் பொய் சொல்வான், காகிதம் சொல்லாது என்பது அவருடைய கட்சி.

இப்போது காகிதம் அவரைப் பற்றியே சொல்லியிருந்தது.

ஜனவரி மாதம் சபை மண்டபத்தில் தனியார் லேப் ஒன்று வந்து சலுகை விலையில் 'தம்பதியர் முழு உடல் பரிசோதனை' நடத்தியது. அவரும் மனைவி நேசம்மாளும் வெறும் வயிற்றோடு போய் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்து, தந்த பன்னைத் தின்று தேயிலையையும் குடித்துவிட்டு வந்தார்கள். ஒரு வாரம் கழித்து இரண்டு கவர்கள் வந்தன. நேசம்மாளின் கவரைத்தான் முதலில் பிரித்தார். ஒரு நட்சத்திரம் கிடையாது.

"ஒனக்கு ஒரு கொறவும் இல்லட்டி. எல்லாம் நார்மலாக்கும்."

"அப்பம் ஒங்களுக்கு?" அடுக்களையிலிருந்து கேட்டாள் நேசம்மாள்.

"எனக்கும் அப்பிடித்தான்" என்றார் செல்வதாஸ். சொல்லிவிட்டு, காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்தில் ஒரு காகிதத்தின் விஷயத்தில் அவர் சொன்ன முதல் பொய் அது.

அலுவலகத்தில் அவருக்கு அடுத்த நாற்காலி குமாரதாஸ். சீனியாரிட்டியிலும் அடுத்தவன்தான். கம்ப்யூட்டர் தெரிந்தவன், உதவி செய்யக் கூடாத இடம் எது என்று மட்டும் தெரியாதவன்.

"சி.ஏ. பத்தொம்பது ஒம்பது" என்று அவர் நீட்டிய காகிதத்தை வாசித்தபடியே குமாரதாஸ் கம்ப்யூட்டரில் தட்டினான். "முப்பத்தேழுக்குக் கீழ இருக்கணுமாம். ஒங்களுக்கு அம்பத்தெட்டு." பிறகு திரையில் இன்னும் குனிந்து வாசித்தான்.

"என்னடே?"

"கணையத்தில கான்சர்னு போட்டிருக்கு அண்ணே."

"கணையமா? அது எங்க கெடக்கு?"

"வயித்துக்குப் பொறத்தயாம்." குமாரதாஸ் திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டான். "அண்ணே, நீங்க வீட்டுக்குப் போங்க. ஃபைலெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்."

திரையைத் திருப்பாமல் இருந்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

குமாரதாஸ்தான் முதல் வழியும் சொன்னான். லேப்காரனுக்குக் கை தவறியிருக்கும், வேறு இடத்தில் பார்த்தால் தெரிந்துவிடும் என்றான். செல்வதாஸ் பஸ் ஏறிப் போய் இன்னொரு லேப்பில் ரத்தம் கொடுத்தார். முப்பத்தொன்று என்று வந்தது. அரை நாள் நிம்மதியாக இருந்தார்.

"இதில எது சரி?" என்று குமாரதாஸ் கேட்டான்.

அது ஒரு கேள்விதான். இரண்டு காகிதம் இரண்டு விதமாகச் சொன்னால் மூன்றாவதைக் கேட்க வேண்டும், அலுவலக நடைமுறையும் அதுதான். மூன்றாவது லேப் நாற்பத்தொன்று என்றது. போதாததற்கு அந்த லேப்பின் கணக்கில் முப்பத்தைந்துக்கு மேல் போனாலே தப்பு.

"ரெண்டுக்கு ஒண்ணு" என்றான் குமாரதாஸ், தேர்தல் முடிவு சொல்பவனைப்போல. "மெஜாரிட்டி எதிரா இருக்கு அண்ணே. மூணையும் கூட்டி சராசரி எடுத்தாலும் நாப்பத்திமூணு வருது."

செல்வதாஸ் வேறு யாரிடமும் சொல்லவில்லை. குமாரதாஸ் தன் மனைவி லீலாபாயிடம் மட்டும் சொன்னான். லீலாபாய் ஜெபிப்பதற்காகப் பெண்கள் ஐக்கியத்தில் நான்கு பேரிடம் மட்டும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் கண்ணை மூடி, "இந்த உலகத்தில் கொஞ்ச நாட்களே குறிக்கப்பட்டிருக்கிற எங்கள் அன்பு சகோதரர் செல்வதாசுக்காக" என்று தொடங்கியபோது, அன்பு சகோதரர் ஐந்தாவது பெஞ்சில் உட்கார்ந்து ஆமென் சொல்லத் தயாராக இருந்தார். பக்கத்தில் நேசம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் நான்கடி முன்னாலேயே நடந்தாள். கதவைத் திறந்ததும் கேட்டாள்.

"ஊருக்கெல்லாம் தெரிஞ்ச பெறகு எனக்குச் சொல்லலாமுன்னு இருந்தியளா?"

"நீ பேடிச்சிருவன்னுதான்."

"இப்பம் பேடிக்காம என்ன செய்யுதேன்?"

அவர் மூன்று காகிதங்களையும் எடுத்து மேசையில் வைத்தார். அவள் அவற்றைத் தொடவில்லை. அடுக்களைக்குள் போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். அன்று மத்தியானம் அவருக்கு மட்டும் சோறு போட்டாள்.

"நீ?"

"நான் உபவாசம்."

அன்றிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் செந்துளுவன் பழச்சீப்பும் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்தார்கள். கூடவே ஆளுக்கொரு செத்தவரையும் கொண்டுவந்தார்கள். "எனக்க மச்சினனுக்கு இப்பிடித்தான். வெள்ளிக்கிழம வாழத்தோப்புக்குத் தண்ணி பாச்சினாவ, அடுத்த வெள்ளிக்கிழம இல்ல." "எங்க மேல வீட்டுக்காரருக்கும் முகம் இப்பிடித்தான், ஒண்ணுமே தெரியாது, நல்லாத்தான் இருந்தாவ." நல்லாயிருப்பதே ஒரு கெட்ட அறிகுறி என்று செல்வதாசுக்கு அந்த வாரத்தில் தெரிந்தது.

கெட்ட அறிகுறி அவரிடம் நிறைய இருந்தது. நன்றாகப் பசித்தது, நன்றாகத் தூக்கம் வந்தது. போகப்போகிற மனுஷனுக்கு வாய்க்கு ருசியாக ஏதாவது என்று நேசம்மாள் தினமும் ஒன்று செய்தாள். நெய்மீன் குழம்பு, பலாச் சக்கைப் புழுக்கு, மரச்சீனிக் கிழங்கும் சாளைமீன் துவையலும். எதிரே உட்கார்ந்து அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தன் தட்டில் கஞ்சியை நாலு வாய் அள்ளிவிட்டு எழுந்துபோவாள்.

"நீயும் தின்னேன்."

"எறங்கல. நீங்க தின்னுங்க."

பெண்கள் ஐக்கியத்தில் அவளைப் பற்றித்தான் பேச்சு. புருஷனுக்காக எப்படி உருகிப்போனாள் பாருங்கள், பாதியாகிவிட்டாள், இந்தக் காலத்தில் யார் இருப்பார்கள் இப்படி. அந்தப் பேச்சு செல்வதாசின் காதிலும் விழுந்தது. சாவு பயத்துக்கு நடுவிலும் அவருக்கு உள்ளுக்குள் சிறு பெருமை வரத்தான் செய்தது. ஒரு மனுஷனுக்காக இன்னொரு உயிர் இப்படி உருகுகிறது என்றால் அவன் வாழ்ந்தது வீணில்லை என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு மாதத்தில் அவருக்கு மூன்று கிலோ கூடியது.

"நீரு கோத்திருக்கும் அண்ணே" என்றான் குமாரதாஸ்.

மஸ்கட்டிலிருந்து மகன் ஜினோ தினமும் அழைத்தான். அவனுக்கு அங்கே பொழுதெல்லாம் இணையத்தில்தான் போனது. முள்ளாத்தி என்கிற முள்சீத்தா மரத்தின் இலையைக் கஷாயம் வைத்துக் குடித்தால் புற்றுநோய் ஓடிப்போகும் என்று எங்கோ வாசித்துவிட்டான். நேசம்மாள் ஊரெல்லாம் அலைந்து ஒரு சாக்கு நிறைய இலை கொண்டுவந்தாள். கஷாயம் சேற்றுத் தண்ணீர் போலிருந்தது. அவர் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார்.

"நானும் கூடக் குடிக்கேன். அப்பம் நீங்களும் குடிப்பியளா?" என்று இன்னொரு டம்ளரில் ஊற்றி அவளும் குடித்தாள்.

நாலாவது நாள் செல்வதாசுக்கு வயிற்றைப் பிசைந்தது. ஐந்தாவது நாள் காலையில் ஆறு தடவை கொல்லைப்புறம் போனார். அலுவலகத்துக்கு லீவு சொல்லப் போன் செய்தபோது குமாரதாஸ் குரலைத் தாழ்த்தினான்.

"வயித்து வலியா? முதல் அறிகுறி அதுதான்னு போட்டிருக்கு அண்ணே. மஞ்சக் காமாலை பெறகுதானாம். தொடங்கியாச்சு."

நேசம்மாளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "எனக்கும் அப்பிடித்தான் இருக்கு. கஷாயமாக்கும்" என்றாள். சாக்கு இலையைத் தென்னை மூட்டில் கொட்டினார்கள். மறுநாளே அவருக்கு வயிறு சரியாகிவிட்டது. ஆனால் அறிகுறி தொடங்கிவிட்டது என்று குமாரதாஸ் சொன்னது சரியாகவில்லை.

"ஸ்கேன் எடுத்துப் பாத்திருவோம்" என்றான் ஜினோ. "இருக்கா இல்லையான்னு ஒரேயடியாத் தெரிஞ்சுரும்."

நாகர்கோவிலில் ஒரு ஸ்கேன் மையத்தில் படுக்க வைத்து, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, விடச் சொல்லி, படம் எடுத்தார்கள். மாலையில் ரிப்போர்ட் வந்தது. கணையத்தில் ஒன்றும் இல்லை. செல்வதாஸ் 'ஸ்தோத்திரம்' என்று வாய்விட்டுச் சொன்னார். இரண்டாவது பக்கத்தைத் திருப்பினார். இடது சிறுநீரகத்தில் ஒரு சிறிய நீர்க்கட்டியும் கல்லீரலில் ஒரு புள்ளியும் இருந்தன. 'நோய்க்குறிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்' என்று அடியில் எழுதியிருந்தது.

கவுண்டரில் இருந்த பெண்ணிடம் போய், "இத ஆரு ஒப்பிட்டுப் பாக்கணும்?" என்று கேட்டார்.

"அது எல்லாருக்கும் போடுறதுதான் சார்."

"அந்தப் புள்ளி?"

"அது உங்களுக்கு மட்டும் போட்டது."

ஒன்றைத் தேடப் போனவருக்கு இரண்டு கிடைத்தது. ஸ்கேன் மையத்தில் சொன்ன பெரிய டாக்டரிடம் காட்டியபோது, அவர் காகிதங்களை எல்லாம் புரட்டிவிட்டு, திருவனந்தபுரத்தில் தொண்டை வழியாகக் குழாய் விட்டு உள்ளிருந்தே பார்த்து, தேவைப்பட்டால் ஊசியால் ஒரு துளி சதையும் எடுத்துப் பார்ப்பார்கள், அதுதான் உறுதி என்றார். அப்படிச் செய்வதில் ஆபத்து உண்டா என்று செல்வதாஸ் கேட்டார். நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குக் கணையம் வீங்கலாம் என்று டாக்டர் சொன்னார். நன்றாக இருக்கிற கணையமும் வீங்குமா என்று அவர் கேட்கவில்லை. தேதி குறித்துக்கொண்டு வந்தார்.

அந்த வாரமே விருப்ப ஓய்வுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். சாகிறவன் பென்ஷன் பிரிவில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கே சரியாகப் படவில்லை. விண்ணப்பத்தைக் குமாரதாஸ்தான் பிழையில்லாமல் டைப் அடித்துக் கொடுத்தான். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. கலங்கிய கண்ணோடு அவருடைய நாற்காலியின் முதுகில் தன் துண்டையும் போட்டுவைத்தான், வேறு யாரும் உட்கார்ந்துவிடக் கூடாதென்று.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் செல்வதாஸ் நேசம்மாளைக் கூப்பிட்டு, அவர் இல்லாமல் வீட்டை நடத்தச் சொல்லிக் கொடுத்தார். தண்ணீர் மோட்டார் இழுக்காமல் நின்றால் எந்தத் திருகைத் திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டும், ஃபியூஸ் போனால் எந்தக் கம்பியைக் கட்ட வேண்டும், கேஸ் புக்கிங் நம்பர் எந்தக் காலண்டருக்குப் பின்னால் இருக்கிறது. அவள் ஸ்டூலில் ஏறி நின்று ஃபியூஸ் கட்டையைப் பிடித்தாள். அதை மாட்டாமலே இறங்கி, ஸ்டூலிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"மேலெல்லாம் தளந்து வருது."

"நீ ஆகாரம் எடுக்கணும். இப்பிடி பட்டினி கெடந்தா எப்பிடி?"

"நீங்க போன பெறகு எனக்கு என்னத்துக்கு மோட்டாரும் ஃபியூசும்? நானும் பொறத்தாலயே வந்திருவேன்."

"அப்பிடிச் சொல்லாத நேசம்" என்றார் செல்வதாஸ். அலமாரியிலிருந்து அவளுடைய கவரை எடுத்துவந்து பிரித்துக் காட்டினார். "இஞ்ச பாரு. அறுபத்தினாலு டெஸ்டு. ஒண்ணிலயும் ஒரு நட்சத்திரம் கெடயாது. நீ எம்பது வயசு இருப்ப."

அவள் அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டினாள், அவருடைய மனசு ஆறட்டும் என்பதற்காக.

திருவனந்தபுரம் போக நான்கு நாள் இருந்தது. காலையில் மீன் கொண்டுவருகிற லீமா, கூடையை இறக்கிவைத்துவிட்டு நேசம்மாளிடம் விவரம் கேட்டாள். கேட்டுவிட்டு, "எங்க ஊரு டாக்டரு ஒருத்தரு மண்டைக்காட்டுல இருக்காரு. பெரிய ஆஸ்பத்திரியில இருந்து ரிட்டயர் ஆனவரு. அவரு சாகும்னு சொன்னா செத்துரும், சாகாதுன்னு சொன்னா சாகாது. போறதுக்கு முன்ன ஒண்ணு காட்டிட்டுப் போங்க அக்கா" என்றாள்.

செல்வதாசுக்கு விருப்பமில்லை. ஏற்கெனவே ஆறு காகிதம் கையில் இருக்கிறது, ஏழாவது எதற்கு என்றார்.

"எனக்காக" என்றாள் நேசம்மாள். அவள் கேட்டு அவர் மறுத்தது குறைவு, அவள் கேட்டதும் குறைவு.

கோயிலில் மாசிக் கொடைத் திருவிழாவுக்குக் கொடியேறியிருந்ததால் பஸ் முழுக்க மண்டைக்காட்டுக்குப் போகும் பெண்கள். நின்றுகொண்டேதான் போனார்கள். லீமா சொன்ன டாக்டர் ததேயுஸின் கிளினிக் ஒரு பழைய ஓட்டு வீடு. வராந்தாவில் மேசை போட்டு, பகவதியம்மாள் என்ற பெண் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். பெயரையும் வயதையும் கேட்டு எழுதி, நிமிர்ந்து பார்க்காமலே உள்ளே கையைக் காட்டினாள். கொடைக்குப் போகிற அவசரம் அவளுக்கும் இருந்தது.

உள்ளே ஜன்னலை அடைத்து வைத்திருந்தார்கள். ஒரு குழல்விளக்கு மட்டும் எரிந்தது. டாக்டருக்கு எழுபதைத் தாண்டிய வயது, சோடாப்புட்டிக் கண்ணாடி. காகிதங்களை ஒவ்வொன்றாக மூக்குவரை கொண்டுபோய் வாசித்தார். செல்வதாஸ் அவருக்கு எதிரே நாற்காலியில் இருந்தார். நேசம்மாள் பின்னால், சுவரோரம் கிடந்த பெஞ்சில் பையை மடியில் வைத்து உட்கார்ந்தாள்.

"இந்த டெஸ்ட எடுக்கதுக்கு முன்ன ஒமக்கு என்ன தொந்தரவு இருந்தது?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல சார்."

"வயித்து வலி?"

"இல்ல. நடுவில ஒரு கஷாயம் குடிச்சு வந்தது. அதோட போச்சு."

"பசி?"

"இவியளுக்கு பசிக்கு ஒரு கொறவும் இல்ல டாக்டர்" என்றாள் பின்னாலிருந்து நேசம்மாள்.

"எடை குறைஞ்சுதா?"

"மூணு கிலோ கூடியிருக்கு" என்று செல்வதாஸ் குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோலச் சொன்னார்.

டாக்டர் அவரைப் படுக்கவைத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார். எழுந்து உட்காரச் சொன்னார்.

"பின்ன என்ன மயித்துக்கு இந்த டெஸ்ட எடுத்தீரு?"

செல்வதாஸ் சட்டைப் பொத்தானைப் போட்டார். தம்பதியர் சலுகை என்று சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"நான் இனயம் கடப்புறத்துக்காரன்" என்றார் டாக்டர். "எங்கப்பன் கட்டுமரத்தில போனவரு. அதனால எனக்குத் தெரிஞ்ச மாதிரி சொல்லுதேன், கேளும். மீன் கூட்டமா நிக்க எடத்தில வலய எறக்கினா மீன் வரும். மீனே இல்லாத கடல்ல அதே வலய எறக்கினா என்ன வரும்?"

"ஒண்ணும் வராது."

"வரும். சொறிமீனும் பாசியும் வரும். வலை ஒண்ணுதான் வே, கடலாக்கும் வேற." அவர் காகிதத்தைத் தட்டினார். "ஒம்மள மாதிரி ஒரு தொந்தரவும் இல்லாத ஆயிரம் பேரைக் கொண்டுவந்து நிறுத்தி இந்த டெஸ்டு எடுத்தா, ஒரு அம்பது பேருக்காவது நட்சத்திரம் விழும். அந்த ஆயிரத்தில உள்ளபடியே இந்தத் தீனம் உள்ளவன் ஒருத்தன் இருந்தா அதிகம். அப்பம் நட்சத்திரம் விழுந்த அம்பது பேர்ல நாப்பத்தொம்பது பேரு ஒண்ணுமில்லாதவன். ஒரு சளி, ஒரு கல்லு, ஒரு வாயு, எதுக்கும் இது கூடும். சும்மாவும் கூடும்."

"அப்பம் லேப்காரன் தப்பாச் சொல்லிட்டானா?"

"அவன் எண்ணத்தான் சொன்னான். அர்த்தத்த நீரும் ஒமக்கக் கூட்டாளியும் சேந்து சொல்லியிருக்கீரு."

"அந்தக் கல்லீரல் புள்ளி?"

"எனக்கும் இருக்கும். இந்த ஊர்ல பாதிப் பேருக்கு இருக்கும், படம் எடுக்காததுனால நிம்மதியா இருக்கான்." டாக்டர் காகிதங்களை அடுக்கினார். "இன்னொண்ணும் சொல்லுதேன். உள்ளபடியே தீனம் உள்ளவனுக்கு இந்த எண்ணு கூடாமயும் இருக்கும். அப்பம் அவன் நட்சத்திரம் இல்லன்னு சந்தோசமா வீட்டுல இருப்பான். அதனால காகிதத்துக்கு வைத்தியம் பாக்கக் கூடாது. ஆளுக்காக்கும் பாக்கணும். நான் நாப்பது வருசமா ஆளத்தான் பாக்கேன்."

சொல்லும்போது அவர் கண் காகிதத்தில்தான் இருந்தது. அடியில் 'ஒன்றும் செய்ய வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"திருவனந்தபுரம்?" என்று கேட்டார் செல்வதாஸ்.

"போயி, மிருகக்காட்சிசாலை பாத்துட்டு வாரும். குழாய் விட வேண்டாம்."

செல்வதாஸ் எழுந்து நின்றார். இரண்டு மாதமாகச் சுமந்த பிணத்தை யாரோ தோளிலிருந்து இறக்கிவிட்டது போலிருந்தது, அந்தப் பிணமும் அவரே. திரும்பி நேசம்மாளைப் பார்த்தார். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சத்தமில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

"வா" என்றார். "கரையாத. முடிஞ்சு போச்சு."

வராந்தாவுக்கு வரும்போதே அவருக்குப் பேச்சு வந்துவிட்டது. நாளைக் காலையில் முதல் வேலையாக விண்ணப்பத்தைத் திரும்ப வாங்க வேண்டும், குமாரதாசின் துண்டை எடுத்து அவன் கையிலேயே கொடுக்க வேண்டும், போதகரிடம் சொல்லி ஒரு ஸ்தோத்திர ஜெபம் வைக்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். ஜினோவுக்கு அங்கேயே நின்று போன் செய்தார். "ஒண்ணும் இல்ல மக்கா, எனக்கு ஒண்ணும் இல்ல" என்று மூன்று தடவை சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கும் நம்பிக்கை வந்தது.

"இன்னைக்கு நீ உபவாசத்த முடிக்கணும் கேட்டியா" என்றார் மனைவியிடம். "குளச்சல்ல எறங்கி நல்ல ஒரு பாறை மீனாப் பாத்து வாங்குவோம். நீ வை, நான் பரிமாறுதேன். இத்தன நாளு எனக்காகப் பட்டினி கெடந்தவளுக்கு நான் ஒரு நேரம் பரிமாறண்டாமா?"

நேசம்மாள் சிரித்தாள். தூணைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்கி, வெயிலில் நின்று செருப்பைத் தேடினாள். கிடைத்ததும் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

பகவதியம்மாள் நோட்டை மூடிப் பேனாவைச் செருகியபடி எழுந்தவள், அப்படியே நின்றாள். செல்வதாசைப் பார்க்கவில்லை. அவரைத் தாண்டி வெயிலில் நின்ற முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"சாரே, அக்காவுக்கக் கண்ணு ரெண்டும் எத்தன நாளா இப்பிடி மஞ்சளாக் கெடக்கு?"